அழுக்கேறிய சோபா: நுரை போடுவதா, வெந்நீரில் உறிஞ்சுவதா, துணியையே மாற்றுவதா?

எங்கள் வீட்டு முன்னறையில் கிடக்கும் மூன்று பேர் சோபாவின் சாய்வில், வலது ஓரமாக, ஒரு தலை அளவுக்குக் கறுப்புத் திட்டு இருந்தது. அப்பா கடைசி இரண்டு வருடம் பகல் முழுக்க அங்கேதான் சாய்ந்திருந்தார். தினமும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற தலை. அந்த இடத்தைத் தொட்டால் துணி போலவே இருக்காது, ரெக்ஸின் போல வழுவழுவென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று நகத்தடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்பா போன பிறகு அண்ணன் புதுசு வாங்கலாம் என்றான். அம்மா சம்மதிக்கவில்லை. "தூரக் கொண்டு போடாண்டாம் மக்களே, கழுவிப் பாரு" என்றார். சரி, கழுவலாம். ஆனால் யாரை வைத்து, எப்படிக் கழுவுவது? அதற்குத்தான் ஆறு மாதம் ஆனது. ஒரு முறை தப்பான வழியில் போய்ப் பணமும் விட்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி செயற்கை இழையாகவும், அழுக்கு பல வருட எண்ணெயும் வியர்வையுமாகவும் இருந்தால், வெந்நீரைப் பீய்ச்சி உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கிற மெஷின்தான் நல்ல வழி. ஆனால் அதில் உறிஞ்சும் பலம் போதுமான அளவு இருக்க வேண்டும், மாதமும் சரியாக அமைய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அழுக்கைக் கிளப்புவது பாதி வேலைதான். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப வெளியே எடுப்பது மீதிப் பாதி, கஷ்டமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் துணி எது என்று தெரிய வேண்டும். வெளிநாட்டு சோபாவாக இருந்தால் குஷனுக்கு அடியில் ஒரு சீட்டு தைத்திருக்கும். அதில் 'டபிள்யூ' என்று இருந்தால் தண்ணீர் படலாம், 'எஸ்' என்றால் தண்ணீரில்லாத கரைப்பான் மட்டும், இரண்டும் சேர்ந்து இருந்தால் எதுவும் சரி, 'எக்ஸ்' என்றால் தூசு உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளூரில் ஆசாரி சட்டம் அடித்து, சோபா வேலைக்காரர் துணி போட்டுச் செய்ததில் சீட்டு எதுவும் இருக்காது. எங்களுடையது அப்படித்தான். சோபாவைக் கவிழ்த்தேன். அடியில் ஸ்டேப்பிள் அடித்த ஓரத்தில் இரண்டு அங்குல நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டினேன். நூல் தீயைக் கண்டு முதலில் சுருங்கியது, பிறகு உருகிக் கரும்புகை விட்டது, கடைசியில் கடுகு போல ஒரு கறுப்பு மணியாக இறுகியது. பாலியஸ்டர் இப்படித்தான் எரியும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டவுடன் உதிரும். இன்னொரு நூலை டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகும்வரை விரலால் பிசைந்துவிட்டேன், மூழ்கியது. பாலிப்ரோப்பிலீன் என்ற இன்னொரு செயற்கை இழை தண்ணீரைவிட இலேசானது, அது மிதக்கும். மிதந்தால் மெஷின்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த இழை சூட்டையும் அழுத்தித் தேய்ப்பதையும் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது.

இந்த நூல் சோதனையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே 8 கிராம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. தண்ணீரை வேண்டாத இந்த இழை எண்ணெயை மட்டும் விடவே விடாது. அதனால்தான் பாலியஸ்டர் சோபாவில் காப்பி சிந்தினால் உடனே துடைத்துவிடலாம், தலை எண்ணெய் மட்டும் வருடக் கணக்கில் போகாது. இதிலேயே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பாலியஸ்டருக்குச் சாயம் இழைக்குள்ளேயே ஏறியிருக்கும், எளிதில் கழன்று ஓடாது. பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாத காரத்தன்மையுள்ள மருந்தை இது தாங்கும், சூடான தண்ணீரையும் தாங்கும். கெட்டியாக அழுக்கேறிய செயற்கைத் துணியை முரட்டுத்தனமாகவே சுத்தம் செய்யலாம் என்று தொழில்காரர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் ஓரத்தில் கயிறு போல வைத்துத் தைத்த பைப்பிங் பருத்தியாக இருந்து சாயம் விட்டால் எல்லாம் கெட்டது. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈர வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

இனி அழுக்கு. எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடல் கூப்பிடு தூரம். அந்தக் கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன, அதைப் பிரித்தெடுக்க அரசு ஆலையே அங்கே இருக்கிறது. இல்மனைட் சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், அதனால் குஷன் இடுக்கில் நேராக அடிவரைக்கும் இறங்கிவிடும். கார்னெட் இன்னும் மோசம். சில வகை உப்புத்தாளில் ஒட்டுவதே அந்தத் துகளைத்தான். அதன்மேல் தினமும் ஆள் உட்கார்ந்து எழுந்தால் துணி தேயாமல் என்ன செய்யும்? ஆகவே எந்த முறையாக இருந்தாலும் முதலில் வாக்கூம் போட்டு இடுக்கு இடுக்காகத் தூசும் மணலும் எடுத்தே ஆக வேண்டும். வந்ததும் நேராகத் தண்ணீரை அடிக்கிற ஆளை அப்போதே நிறுத்திவிடுங்கள், மணல் சேறாகி இன்னும் கீழே இறங்கும்.

அடுத்தது உப்பு. கடல் காற்றிலும் வியர்வையிலும் வருகிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோர வீடுகளில் சோபா எப்போதும் கொஞ்சம் சில்லென்று பிசுபிசுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு தண்ணீரில்தான் கரையும், வேறு எதிலும் போகாது. பின்னால் முறைகளை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

நான் முதலில் கூப்பிட்டது நுரை போடுகிற ஆட்களை. கூலி குறைவு, வீட்டுக்கே வருவார்கள், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்றார்கள். ஷாம்பூவை நுரையாக அடித்து, சுழலும் பிரஷ்ஷால் தேய்த்து, மேலே நின்ற நுரையை ஒரு சின்ன வாக்கூமால் எடுத்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆடி மாதம் அது, வெளியே சாரல். இரண்டாம் நாள் அப்பாவின் திட்டைச் சுற்றித் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் வந்தது. நான்காம் நாள் உட்காரும் குஷனில் நனைந்த கோணிச்சாக்கு வாடை. ஒரு மாதத்துக்குள் கைப்பிடிகள் முன்பைவிடக் கறுத்துவிட்டன.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகுதான் புரிந்தது. துணியிலிருந்து கரைந்த அழுக்கு அடியிலிருக்கும் ஃபோமுக்குப் போய்விட்டது. ஈரம் மேல்வழியாகத்தானே காயும்? காயும்போது கீழே போன அழுக்கையும் கூடவே மேலே கொண்டுவந்தது, அதுதான் வளையம். அலசி எடுக்காத சோப்பு நூலில் பசை போல நின்று புது அழுக்கைப் பிடித்தது, அதனால்தான் கைப்பிடி கறுத்தது. நுரை முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை, மேலோட்டமான அழுக்குக்கு, காய்ந்ததும் தூளாக உதிர்ந்துவிடுகிற நல்ல மருந்தை வைத்துச் செய்தால் போதுமானது. தண்ணீர் குறைவாகச் செலவாவதால் மழைக்காலத்துக்குக்கூட ஒத்துவரும். பல வருட எண்ணெய்க்கு அதைக் கூப்பிட்டது என் தவறு.

அடுத்து, கரைப்பான் வைத்துத் துடைப்பது, சலவைக்கடைக்காரர்கள் டிரை வாஷ் என்கிறார்களே, அது. எண்ணெய்க்கு எண்ணெயை இளக்குகிற மருந்துதானே சரி என்று எனக்கும் தோன்றியது. எண்ணெயை அது இளக்கும், உண்மைதான். ஆனால் வியர்வை, கடல் உப்பு, குழந்தை சிந்திய சர்க்கரைப் பால் எதையும் தொடாது. துணியின் அடியில் ரப்பர் பூச்சு இருந்தால் அதையும் சேர்த்து இளக்கிவிடும். ஆஸ்துமா இருக்கிறவர்கள் உள்ள வீட்டில் அந்த நெடியே ஆகாது. இதற்கு ஓர் இடம் உண்டு. குலசேகரத்தில் இருக்கிற சித்தப்பா வீட்டில் ரப்பர் வெட்டிவிட்டு வந்து அதே உடுப்போடு உட்கார்ந்து, நாற்காலித் துணி முழுக்க ஒட்டுப்பால் பிடித்துக் கிடக்கும். காய்ந்த ரப்பர் பாலைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஐஸ் வைத்து இறுக்கி, பெயர்க்கிறதைப் பெயர்த்துவிட்டு, மிச்சத்தைக் கரைப்பான் தொட்ட துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்படித் திட்டுத் திட்டாகப் பயன்படுத்தினால் போதும், முழு சோபாவுக்கும் வேண்டாம். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வைத்துத் துடைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபோம் தீப்பிடித்தால் நின்று எரியும், அதில் வருகிற புகை விஷம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நீராவி மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சியையும் கிருமியையும் கொல்ல நல்லது. அழுக்கை இளக்குமே தவிர வெளியே எடுக்காது, மீன் நீர், ரத்தம், பால் போன்ற கறைகளைச் சூட்டிலேயே வேகவைத்துத் துணியோடு ஒட்டிவிடும். வெல்வெட் மாதிரி மயிர் நிற்கிற பாலியஸ்டர் துணி அமுங்கினால் பிறகு நிமிராது.

வெந்நீர் உறிஞ்சு முறைக்கு நான் காத்திருந்து, மாசி மாதம் ஆள் வரவழைத்தேன். நாகர்கோவிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரம் வெறும் வாக்கூம் மட்டும். மெஷினில் சேர்ந்ததைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார்கள், இரண்டு கைப்பிடி கறுப்பு மணல். அப்புறம் காரத்தன்மையுள்ள மருந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா விட்டார்கள். சும்மா விடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். பழைய எண்ணெயில் உடைந்து நிற்கிற கொழுப்பு அமிலத்தைக் காரம் சோப்பாகவே மாற்றிவிடுகிறது, அதற்கு நேரம் வேண்டும். ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பெர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-ல் சொன்ன கணக்கு இந்தத் தொழிலில் இன்றும் செல்லும். மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம் என்று நான்கு இருக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். இருபது நிமிடத்தில் முழு செட்டையும் முடித்துத் தருகிறேன் என்பவர் நேரத்தைக் குறைக்கிறார், அப்படியானால் மருந்தை எவ்வளவு கூட்டப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

தெளித்த இரண்டாம் நிமிடம் ஒன்று நடந்தது. இடது குஷனில், பல மாதங்களுக்கு முன் மீன்குழம்பு சிந்தி மங்கலாக மஞ்சள் தெரிந்த இடம், கண் முன்னே ரத்தச் சிவப்பாக மாறியது. அம்மா பயந்துபோய் ஓடிவந்தார். வந்தவர்களில் மூத்தவர், "மஞ்சப்பொடி அம்மா, காரம் பட்டா செவக்கும், பயப்படாதீங்க" என்றார். கல்யாண ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் இதுதான். கடைசி அலசலில் இலேசான புளிப்புத்தன்மையுள்ள திரவம் பட்டதும் அது மறுபடி மஞ்சளானது. மிச்சமிருந்த மஞ்சளுக்கு மருந்து எதுவும் போடவில்லை. குஷன் உறையை மட்டும் கழற்றி மூன்று நாள் வெயிலில் போட்டோம், மறைந்துவிட்டது. மஞ்சளுக்கு வெயிலைப் போல மருந்து கிடையாது.

அடுத்தது உறிஞ்சுதல். கையளவு அகலமுள்ள ஒரு வாய், அதில் ஒரு பக்கம் வெந்நீர் பீய்ச்சும், ஒட்டினாற்போல் மறுபக்கம் உறிஞ்சும். தண்ணீர் 60 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கும், பச்சைத் தண்ணீருக்கு அது எப்படி அசையும்? வெந்நீரில் உருகி ஓடிவிடும். மெஷினின் வாயில் கண்ணாடி போன்ற மூடி இருந்தது. அப்பாவின் திட்டில் வைத்து இழுத்தபோது அதற்குள் ஓடியது கட்டன்காப்பி நிறத் தண்ணீர். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு தேநீர் நிறம், அப்புறம் வெளுத்தது. ஒரு முறை தண்ணீர் விட்டால் அதே இடத்தில் மூன்று முறை தண்ணீர் விடாமல் வெறுமே உறிஞ்சினார்கள். இதைத்தான் நீங்கள் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். முடிந்ததும் வெள்ளை டிஷ்யூத் தாளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். தாள் இலேசாகச் சில்லிட்டதே தவிர நனையவில்லை. சொட்டச் சொட்ட நனைத்துவிட்டுப் "காத்துல காஞ்சிரும்" என்று சொல்லிப் போகிறவரிடம் மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

தண்ணீரைப் பற்றி ஒன்று. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கரிக்கும், சோப்பு நுரைக்காது. அதை வைத்து அலசினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைத்த கதைதான். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் நான்கு குடம் முந்தின நாளே பிடித்து வைத்திருந்தேன். கடலோரத்தில் இருப்பவர்கள் இதைச் செய்யாமல் ஆளைக் கூப்பிட வேண்டாம். மெஷினுக்கு 15 ஆம்பியர் பிளக்கும் வேண்டும்.

எல்லாவற்றையும் இந்த மெஷின் சரி செய்யவில்லை. அப்பா கடைசி மாதங்களில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு குஷனில் சிறுநீர் ஃபோம் வரைக்கும் இறங்கியிருந்தது. மேலே எவ்வளவு அலசினாலும் ஃபோமின் நடுவில் நிற்பது போகாது. அதைக் கழுவ முயன்று இரண்டு நாள் வீணாக்குவதைவிட மாற்றிவிடுவதே மேல். மார்த்தாண்டத்தில் ஒரு குஷன் கடையில், அளவு கொடுத்து 40 டென்சிட்டி ஃபோம் வெட்டி வாங்கி, கழுவிய பழைய உறைக்குள் போட்டுக்கொண்டோம். ஒரு குஷனுக்கு மட்டும்தான். சுத்தம் செய்வதா மாற்றுவதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இடத்துக்கு இடம் வேறு வேறு வழி எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முழுத் துணியையும் மாற்றுவது எப்போது சரி? மூன்று பேர் சோபாவுக்கு மட்டும் 54 அங்குல அகலத் துணி ஏழெட்டு மீட்டராவது தேவை. கூலியும் ஃபோமும் தனி. கழுவுகிற செலவைவிடப் பல மடங்கு ஆகும். ஆனாலும் சில நேரம் வேறு வழி கிடையாது. உறை ஜிப்பைத் திறந்தால் ஃபோம் மஞ்சள் தூளாகக் கொட்டுகிறதா, உட்காருமிடத்தில் துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் வலை போல் தெரிகிறதா, அப்போது மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த நூலை எந்த மருந்தும் வளர்க்காது. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய சோபாவாக இருந்தால் ஃபோமும் துணியும் போகட்டும், மரச்சட்டத்தை மட்டும் கழுவிக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் தேக்காகவோ அயினியாகவோ இருந்தால் புதுச் சோபாவில் அந்த மரம் கிடைக்காது. அப்படிப்பட்ட சட்டத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

மாதம் பார்ப்பது எப்படி? நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஈரமான துணியும் ஃபோமும் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தை நடுவிலிருந்து பங்குனி நடுவரைக்கும் உள்ள நாட்கள் மேற்குப் பக்கத்துக்கும் கடலோரத்துக்கும் நல்லது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே நிழலும் ஈரமுமாக இருக்கிற குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் கட்டாயம். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், கணவாய்க் காற்று ஆடியிலும் துணியைக் காயவைத்துவிடும். மழை மாதத்தில் அவசரமாகக் கல்யாணமோ வீட்டு விசேஷமோ வந்துவிட்டால், வெந்நீரை மறந்துவிட்டு வாக்கூமும் நுரையுமாக மேலோட்டமாக முடித்துக்கொண்டு, மாசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

போனில் பேசும்போது நான் இப்போது நான்கு விஷயம் கேட்கிறேன். தண்ணீர் விடுவதற்கு முன் உலர்வாக வாக்கூம் போடுவீர்களா? மருந்து போட்டு எத்தனை நிமிடம் விடுவீர்கள்? கடைசியில் வெறும் தண்ணீரிலோ புளிப்புத் திரவத்திலோ அலசுவீர்களா? காய எவ்வளவு நேரம் ஆகும்? கடைசிக் கேள்விக்கு "ஒரு மணி நேரம்" என்று யாராவது சொன்னால் அவர் மேலே மட்டும் துடைக்கிறவர். நேர்மையான ஆள் ஆறு மணி நேரத்திலிருந்து மறுநாள் வரைக்கும் என்பார். எங்களுடையது காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் முடிந்தது. குஷன்களைப் படுக்கப் போடாமல் வராந்தாவில் ஓரமாக நிறுத்தி வைத்து, ஜிப்பைத் திறந்துவிட்டு, மேஜை மின்விசிறியைத் தரையில் வைத்துச் சுழலவிட்டோம். ராத்திரி மேலே காய்ந்துவிட்டது. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் கொஞ்சம் சில்லென்று இருந்ததால் மறுநாள் மதியம்வரை யாரையும் உட்காரவிடவில்லை.

அப்பாவின் திட்டு முழுவதும் போகவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் ஓர் அரைவட்டம் இலேசாகத் தெரியும். இன்னொரு தடவை மருந்து போட்டால் போய்விடும் என்று மூத்தவர் சொன்னார், அம்மா போதும் என்றுவிட்டார். இப்போது அந்த இடத்தில் அப்பாவின் பழைய துவர்த்துத் துண்டு ஒன்றை மடித்து விரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துவைத்துப் போட்டுவிட்டு வேறொன்று மாற்றுகிறார்.